குடத்துக்கு ஒரு முடிச்சுக் காசு

என்னிடம் இருக்கும் இரண்டு சதுரக் காசுகளைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பேன். காசைக் கையில் கொடுக்க மாட்டேன். கண்ணாடிக்கு மேலிருந்து குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஜொகூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு காசைக் கையில் வாங்கியதுமே இது அச்சிலேயே இரட்டை, இது அடிக்கும்போது நழுவியது என்று பிரித்துச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இங்கிலீஷ் எழுத்து இன்றைக்கும் எனக்கு எழுத்தாகத் தெரியாது, உருவமாகத்தான் தெரியும். ஒன்று கூடாரம், ஒன்று கவட்டை, ஒன்று பிறை. அந்த உருவங்களை வைத்தே வீடு கட்டினேன், கடை வைத்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

அந்த இரண்டில் ஒன்று காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். மற்றது இன்று காலையில் விளக்கிய செம்புபோலப் பளபளக்கும். விவரம் தெரிந்தவர்கள் பளபளப்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். "ஐயோ, யார் இதைத் தேய்த்துக் கெடுத்தது?" என்பார்கள். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபதைத் தாண்டியிருந்தது. கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களில் வேலை நின்றுபோயிற்று. பால் வாங்க வெள்ளைக்காரன் இல்லை, வாங்கினாலும் அனுப்பக் கப்பல் இல்லை. லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் மரத்தடியில் மரவள்ளி போட்டுத் தின்றார்கள். உடம்பில் சதை இருந்த ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் போகாமல் தப்பியது என் கெட்டிக்காரத்தனம். கூலாயில் பெசி பூரோக், அதாவது பழைய இரும்பு, பித்தளை வாங்கும் சீன முதலாளி ஒருவர் இருந்தார், தவுக்கே என்போம். ஜப்பான்காரனுக்குச் செம்பும் பித்தளையும் ஓயாமல் தேவைப்பட்டது. அதைச் சேர்த்து லாரியில் ஏற்றி அனுப்புவது தவுக்கேயின் பொறுப்பு. தோட்டம் தோட்டமாகப் போய்த் தமிழில் பேசி வாங்க ஆள் வேண்டும் என்று அவர் தேடியபோது நானே போய் நின்றேன். கையில் சுற்றிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அதில் ஜப்பான் எழுத்து இருந்தது. அந்தப் பட்டை கையில் இருக்கும்வரை என்னை யாரும் லாரியில் ஏற்ற மாட்டார்கள். தூங்கும்போதும் அதைக் கழற்றியதில்லை.

சைக்கிளுக்கு டயர் கிடையாது. தண்ணீர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தேன். அதில் ஏறிக் கூலாயிலிருந்து தெப்ராவ் பக்கம் வரைக்கும் அலைவேன். ஓரிடத்தில் உட்கார முடியாத காலம் அது. உட்கார்ந்தால் யாரோ பின்னால் வந்து நிற்பதுபோல இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே காது ரோட்டில் இருக்கும். லாரிச் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. கலியாண வீட்டில்கூட வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன்.

லயத்துப் பெண்கள் குடத்தைச் சுலபத்தில் விற்க மாட்டார்கள். தாய்வீட்டிலிருந்து வந்த பித்தளைக் குடம், அதைப் போய் மரவள்ளி மாவுக்கும் உப்புக்கும் எப்படிக் கொடுப்பது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சயாமுக்குப் போன புருஷன் திரும்பி வரவேண்டும் என்று பெண்கள் அம்மனுக்குக் காசு முடிந்து வைப்பார்கள். மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை வைத்து, பேரைச் சொல்லி முடிச்சுப் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவார்கள். ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் முடிச்சை அவிழ்க்கலாம். அவிழ்த்த காசு உண்டியலுக்குப் போகும். இடையில் அவிழ்த்தால் ஆள் வரமாட்டான் என்று நம்பிக்கை. இதற்குக் காசு என்றால் உலோகத்தில் வேண்டும். ஜப்பான்காரனோ வாழைமரம் போட்ட தாளைத்தான் கொடுத்தான். ஒரு காசுக்கும் தாள்தான். தாளை முடிந்து சாமிக்கு வைப்பதா? வெள்ளைக்காரன் காசெல்லாம் பரணிலும் மண்ணுக்குள்ளும் போயிருந்தது.

தவுக்கேயின் கொட்டகைக்குச் செம்போடு செம்பாக வெள்ளைக்காரன் காலத்துச் சதுரக் காசுகளும் டின் டின்னாக வந்தன. ஒளித்து வைத்திருந்தவர்கள் பசிக்கு எடைபோட்டு விற்றார்கள். அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இடுப்புப் பையில் போட்டுக்கொள்வேன். குடம் விற்கிற வீட்டில் குடத்துக்கு ஒரு காசு சும்மா கொடுப்பேன். "அக்கா, இது முடிச்சுக்கு" என்பேன். அதற்காகவே என்னைக் கூப்பிட்டுக் குடம் விற்றார்கள். தவுக்கேக்கு முதலில் கோபம். கொட்டகையில் குடங்கள் குவிந்ததும் கோபம் போய்விட்டது.

எந்தக் காசைக் கொடுக்கிறேன் என்று நான் பார்த்ததே இல்லை. பைக்குள் கைவிட்டு வந்ததைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பார்க்காமல் செய்த ஒரே வியாபாரம் அதுதான்.

ஒரு நாள் மத்தியானம், லாரி வருவதற்கு முன்னால், கொட்டகை வாசலில் வெயிலில் உட்கார்ந்து செம்பைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சதுரக் காசில் எழுத்துகள் ஆடின. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பசியில் அப்போதெல்லாம் பார்வை மங்கும். மறுபடியும் ஆடின. எண் போட்ட பக்கத்தில் ஓரமாக வளைந்து போகும் எழுத்துகளில் கூடாரம் மாதிரி மூன்று இருக்கும். மூன்று கூடாரத்துக்கும் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு கூடாரம் நின்றது. நிழல் மாதிரி தட்டையாக இல்லை. முழுசாக, உருண்டையாக, காலும் உச்சியுமாக நின்றது. இரண்டும் சேருகிற மூலை மீன் வால் பிளந்ததுபோலப் பிளந்திருந்தது.

தவுக்கேயிடம் ஓடினேன். அவருக்குப் பழைய காசுப் பைத்தியம் உண்டு. சண்டைக்கு முன்னால் தோட்டத்துத் துரைமார்களுக்கு விற்றுக் காசு பார்த்தவர். மார்புப் பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். வெண்கலப் பிடி போட்டது. யாரிடமும் கொடுக்க மாட்டார். அதை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அலமாக், தம்பி! இது துயித் மாபோக் லா."

குடித்துவிட்டு ஆடுகிற காசு என்கிறார். அடிக்கிற மெஷினில் காசு கொஞ்சம் துள்ளினால் இப்படி வரும், செல்லாத விஷயம் என்றார்.

"துள்ளினா தட்டையால்ல தவுக்கே வரும்? படிக்கட்டு மாதிரி இருக்கும். இது பாருங்க, ரெண்டும் முழு ஆளு."

"நீ என்னா, காசு டாக்டரா?"

நான் டாக்டர் இல்லை. ஆனால் சின்ன வயதில் தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினில் வேலை செய்தவன். உருளையில் தோட்டத்துக் குறி வெட்டியிருக்கும். ஷீட் நழுவினால் அந்த ஒரு ஷீட்டில் மட்டும் குறி இழுபட்டுத் தெரியும். உருளையிலேயே குறியை இரண்டு தரம் தப்பாக வெட்டியிருந்தால் வருகிற ஷீட் எல்லாவற்றிலும் அதே தப்பு, அதே இடத்தில் வரும். ஒரு தடவை அப்படித்தான் ஆயிற்று. புது உருளை வந்து பல நாள் எல்லா ஷீட்டிலும் இரட்டைக் குறி. தோட்டத்து ஆபீஸ் கிராணி என் காதைத் திருகினார். தப்பு என்னுடையது இல்லை, உருளையினுடையது என்று நான் ஷீட்டுகளை அடுக்கிக் காட்டினேன். காசுக்கும் அதுதானே நியாயம்? அச்சைச் செய்யும்போது ஒரு தடவை அழுத்தி, கொஞ்சம் நகர்ந்து மறு தடவை அழுத்தியிருந்தால் அச்சே இரட்டையாகிவிடும். அந்த அச்சில் பிறந்த காசெல்லாம் அண்ணன் தம்பிகள்.

தவுக்கேயிடம் இதைச் சொன்னேன். காசை மறுபடியும் கண்ணாடியில் பார்த்தார். மனுஷன் கெட்டிக்காரர், அதை மறைக்கக்கூடாது.

"சரி லா. ஒண்ணு இருந்தா மாபோக். அதே மாதிரி, அதே எடத்துல ரெண்டாவது இருந்தா, அச்சு. கொண்டா. கொண்டாந்தா இந்தக் கண்ணாடி உனக்கு."

"கொண்டாராட்டி?"

"கொண்டாராட்டி இந்தக் காசு எனக்கு. சண்டை முடியற வரைக்கும் டைம்."

சண்டை எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கை கொடுத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு எங்கே இருந்தது, கிழங்கு இறங்கவில்லை என்று சொல்லவேண்டும். கொட்டகைக்கு வந்த சதுரக் காசையெல்லாம் வெயிலில் பரப்பிப் பார்த்தேன். துள்ளிய காசுகள் நிறையக் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்றில் எண் மட்டும் இழுபட்டிருக்கும், ஒன்றில் ராஜா மூக்கில் ஒரு படி இருக்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் தேறியது. தேய்ந்துபோன காசில் எழுத்து அகலமாகத் தெரியும், அதுவும் இரட்டை இல்லை. மூலை பிளந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளக்காவிட்டால் தூக்கிப் போடலாம். இன்றைக்கு என்னிடம் காசு கொண்டுவருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் துள்ளிய காசைத்தான் கொண்டுவருகிறார்கள். அழாத குறையாகத் திரும்பிப் போகிறார்கள்.

என் கூடாரக் காசுக்குத் தம்பி கிடைக்கவில்லை.

அப்போது செனாய்க்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டத்து லயத்தில் உட்கார்ந்து, காசை எடுத்துக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது எப்போதும் உள்ள வழக்கம். ஒரு அக்கா கிழங்கைச் சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். புருஷனைச் சயாமுக்கு ஏற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாய் நீளம். லயத்தில் கங்காணியே அவரிடம் பார்த்துத்தான் பேசுவார்.

"இதுக்கா இவ்வளவு கூத்து? நீ எனக்குக் குடுத்தியே, அதுவும் இப்படித்தான் இருந்துச்சு."

"எது அக்கா?"

"முடிச்சுக் காசு. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா இருந்துச்சு. அழுதுக்கிட்டு பாக்குறதால அப்படித் தெரியுதோன்னு கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன். அப்புறமும் ரெண்டாத்தான் இருந்துச்சு."

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். எந்த இடத்தில் இரண்டு என்று கேட்டேன். ஓரத்தில் என்றார். கூடாரம் மாதிரி இருந்ததா என்றேன். "கூடாரமும் தெரியாது கோபுரமும் தெரியாது, போ" என்றார்.

உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மஞ்சள் முடிச்சு தொங்கியது. என் கையால் கொடுத்த காசு. நான் கைநீட்டினால் எட்டும் தூரம்.

"அக்கா, ஒரு தடவை அவுத்துப் பாத்துட்டு உடனே முடிஞ்சிரலாம்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை அந்த வார்த்தை உன் வாயில வந்துச்சு, பெசி பூரோக் காரன்னு பாக்கமாட்டேன், உன்னையே எடைக்குப் போட்ருவேன்."

அடுத்த வாரம் போனேன். அரை வெள்ளிக் காசு, அதாவது ஐம்பது சென், ஒன்று கொண்டுபோனேன், உலோகமும் அசல் வெள்ளி. செம்பை எடுத்துக்கொண்டு வெள்ளியை முடிந்து வைக்கலாம், அம்மனுக்கு லாபம்தானே என்றேன்.

"சாமிகிட்ட சில்லறை மாத்தச் சொல்றியா?"

"இல்லக்கா, பெரிய காசு..."

"தம்பி, நீ ரெண்டாவது காசைத் தேடுற. எனக்குப் போனது ஒரு ஆளு. போயிட்டு வா."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் சக்கரத்துக் குழாய் தட்தட்டென்று அடித்தது. அதன் சத்தத்தில் எனக்குக் கூடாரம், கூடாரம் என்றே கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை வேறு வேலையாகப் போனவன் அந்த வீட்டு வாசலில் நின்றேன். அக்கா முடிச்சை இறக்கி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். நைந்த மெல்லிய துணி. ஈரத்தில் காசோடு ஒட்டிக்கொண்டது. குங்குமத்தைக் கட்டைவிரலால் அவர் தடவத் தடவ மேடான இடமெல்லாம் சிவப்பாக எழுந்தது. முதலில் சதுரத்தின் ஓரம். பிறகு எண். பிறகு வளைந்து வருகிற எழுத்துகள். ஒரு கூடாரம். பக்கத்தில் இன்னொன்று.

கூப்பிடாமலே உள்ளே போய்விட்டேன் போலிருக்கிறது. "செருப்பு!" என்று கத்தினார். வெளியே ஓடிவந்து செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் போவதற்குள் முடிச்சு ஆணிக்கு ஏறிவிட்டது.

ஒரே அச்சுதான். எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நான் பார்த்தேன் என்று சொன்னால் தவுக்கே ஒத்துக்கொள்வாரா? "நான் கூட சொப்பனத்துல தங்கக் காசு பாத்தேன் லா" என்றார். அவருடைய பேச்சும் சரிதான். காசைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சாட்சி.

அதற்கு அப்புறம்தான் அந்தச் சோதனை வந்தது. செம்பு போதவில்லை என்று ஜப்பான்காரன் லயங்களுக்கே நேரில் வர ஆரம்பித்தான். எனக்குக் கைப்பட்டை இருந்ததால் கூடவே போய் வழி காட்டவேண்டும். ஒரு சோல்ஜர், ஒரு எழுத்தர், கங்காணி, நான். வீடு வீடாக நுழைந்து விளக்கு, செம்பு, தாம்பாளம் என்று வெளியே எறிந்தார்கள். நான் கோணியில் அள்ளிப் போட்டேன். பிறகு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தோம்.

அக்கா சுவரோடு நின்றார். அவரிடம் இருந்த குடத்தை நான் எப்போதோ வாங்கிவிட்டேன். குத்துவிளக்கை எடுத்தார்கள். சோல்ஜர் துப்பாக்கி முனையால் முடிச்சைத் தட்டினான். ஆடியது. உள்ளே கனமாக ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நானி?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

கங்காணி என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். நான் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். அவன் முடிச்சைப் பிடுங்கிக் கோணியில் போட்டிருப்பான். கோணி தவுக்கேயின் கொட்டகைக்கு வந்திருக்கும். மறுநாள் காலை வெயிலில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்திருப்பேன். நான் கேட்கவும் வேண்டாம், திருடவும் வேண்டாம். பழி ஜப்பான்காரன் மேல் போயிருக்கும். நான் தேடி அலைந்த தம்பிக் காசு தானாக என் மடியில் வந்து விழுந்திருக்கும்.

"குசுரி!" என்றேன்.

ஜப்பான் பாஷையில் எனக்குத் தெரிந்த மொத்த வார்த்தைகள் ஒரு கையளவு. அதில் ஒன்று மருந்து. "குசுரி, குசுரி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதுபோலக் காட்டினேன். கங்காணிக்கு நல்ல புத்தி, அவரும் இரண்டு இருமல் இருமினார். சோல்ஜர் முடிச்சை மூக்கருகே இழுத்து முகர்ந்தான். பழைய மஞ்சள் வாடை. கையை உதறிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

 அது பொய் என்று தெரிந்திருந்தால் அவன் அங்கேயே அடித்துப் போட்டிருப்பான். கைப்பட்டையும் போயிருக்கும்.

மூன்று நாலு நாள் கழித்து விளக்குக்குப் பதில் உப்பு கொடுக்கப் போனேன். அக்கா நன்றி சொல்லவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் எடுத்திருந்தா நாளைக்கு உன் கொட்டகைக்குத்தானே வந்திருக்கும்?"

"ஆமாக்கா."

"பின்ன ஏன் வாயத் தொறந்த?"

"தெரியலக்கா. வாய் முந்திக்கிச்சு."

"முந்துற வாய்தான் உனக்கு" என்று சொல்லிவிட்டு, வேகவைத்த கிழங்கில் பாதியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பாதிக் கிழங்கு என்றால் சின்ன விஷயம் இல்லை.

அதற்கப்புறம் நான் போகும்போதெல்லாம் அவரே முந்திக்கொள்வார். "காசு நல்லா இருக்கு, சாப்பிட்டுத் தூங்குது" என்பார். நான் ஆணியைப் பார்ப்பேன். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டிய நாளிலும் சைக்கிள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். மழையில் கூரை ஒழுகினால் முடிச்சில் பாசி பிடிக்குமோ, எலி இழுத்துக்கொண்டு போகுமோ, அக்கா காய்ச்சலில் கிடந்தால் யாராவது அரிசிக்கு அவிழ்த்துவிடுவார்களோ என்று கவலை. புருஷன் வரவேண்டும் என்று அந்த லயத்தில் அக்காவுக்கு அடுத்தபடி வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். முகம் தெரியாத ஆளுக்காக அப்படி வேண்டியது எனக்கே வேடிக்கை. என் வேண்டுதலில் காசு ஆசை கலந்திருந்தது, அதனால் அம்மன் கணக்கில் எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

ஜப்பான்காரன் போனான். வாழைமரத் தாளெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. மண்ணுக்குள் இருந்த பழைய காசுகள் மறுபடியும் கடைக்கு வந்தன. தவுக்கே என் காசுக்குக் கை நீட்டினார். சண்டை முடிந்துவிட்டதே!

"தவுக்கே, சயாமுக்குப் போனவங்க இன்னும் வரல. அவங்களுக்குச் சண்டை முடியல" என்றேன்.

"பேச்சுல நீ துக்காங்" என்று தலையை ஆட்டிக் கையை இழுத்துக்கொண்டார். கைதேர்ந்த ஆசாமி என்று பாராட்டுகிறாராம். பேச்சு எப்போதும் நம் தொழில்தான்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூட்டமாக வரவில்லை, ஒருவர் இருவராகச் சொட்டினார்கள். ஒரு நாள் கூலாய்ச் சாலையில் லாரியிலிருந்து ஒரு ஆள் கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினார். காலில் புண்மேல் வாழை இலை வைத்துக் கட்டியிருந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னார். பேரைக் கேட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அக்கா முடிச்சின்மேல் சொல்லி நான் கேட்டிருந்த பேர்.

சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாசலில் அவரை இறக்கியதும் லயமே அலறியது. அந்த இடத்தில் நான் இருக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் அங்கே நின்றேன், அதுவும் உண்மை.

அக்கா பைப்படியில் குந்தியிருந்தார். கையில் புளியும் சாம்பலும். தேங்காய் நார் வைத்துப் பரபரவென்று எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காசு.

"அக்கா! புளி போடாதீங்க! ஐயோ, தேய்க்காதீங்க!"

"ஏண்டா கத்துற?"

"அந்தக் கறுப்புத்தான்க்கா அதோட வயசு! அது போச்சுன்னா வெலையே போச்சு!"

"மூணு வருஷம் மஞ்சளும் குங்குமமும் ஏறிக் கெடக்கு. அழுக்குக் காசையா ஆத்தாளுக்குப் போடச் சொல்ற?"

சொல்லிவிட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார். புருஷன் வாசலில் கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பும் கண்ணுமாக இருந்த மனுஷன், நான் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும்மா இது? நான் வந்ததுக்கு இவன் எதுக்கு அழறான்?"

"இவன்தான் உன் முடிச்சை மருந்துன்னு சொல்லிக் காப்பாத்துனவன்" என்றார் அக்கா.

காசு தண்ணீரில் அலசப்பட்டுப் புதுசு மாதிரி வெளியே வந்தது. அப்போதுதான் என் கையில் வைத்தார். "பாத்துக்க. பாத்துட்டுக் குடு." பார்த்தேன். மூன்று கூடாரம், மூன்றுக்கும் ஜோடி, மூலையில் பிளவு. புளியால் நிறத்தைத்தான் கெடுக்க முடிந்தது, அச்சை அழிக்க முடியவில்லை. என் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அண்ணனும் தம்பியும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா நேராகக் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டார். விழுந்த சத்தத்தை நான் வாசலில் நின்று கேட்டேன்.

திருவிழாவுக்கு உண்டியல் திறந்தார்கள். செம்புக் காசெல்லாம் கடைக்குச் சில்லறை மாற்றப் போகும் என்று தெரியும். நான் முன்னாலேயே போய்க் கோயில் தலைவரிடம் புது வெள்ளி நோட்டுகளைக் கொடுத்துச் செம்பு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் கூடவே கொடுத்தேன், கோயில் காசில் லாபம் பார்க்கிற ஆள் நான் இல்லை. தேடவே வேண்டியிருக்கவில்லை. பளபளவென்று தனியாக மின்னியது.

இரண்டையும் தவுக்கேயின் மேஜையில் வைத்தேன். பூதக்கண்ணாடியை எடுத்தார். காப்பி நிறத்தைப் பார்த்தார், பளபளப்பைப் பார்த்தார், மறுபடியும் காப்பி நிறத்துக்குப் போனார்.

"சாமா" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம். பிறகு பளபளப்பை விரலால் தள்ளி, "இதை யாரு குளிப்பாட்டினது? ஒரு காப்பிக் காசுகூடப் போகாது லா" என்றார்.

"போகவேண்டாம்" என்றேன்.

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். எனக்கு ஆகாயத்தில் மிதப்பதுபோல இருந்தது. அவர் அப்போதுதான் நான் கொண்டுவந்திருந்த உண்டியல் பையைத் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது.

"தம்பி, நீ என் கொட்டகையிலிருந்து கைப்பிடி கைப்பிடியா அள்ளிக்கிட்டுப் போனே. குடத்துக்கு ஒண்ணு. இவ்வளவுதான் வந்துச்சா? மத்தது எங்கே? கொண்டா, பாப்போம். அதிலேயும் இதே அச்சு இருக்கும்."

இருக்கும். நானும் அதை யோசித்திருந்தேன். ஒரே டின்னில் வந்த காசுகள், ஒரே அச்சில் இன்னும் சில கட்டாயம் இருக்கும். எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வீட்டில் குடம் வாங்கினேன் என்பது எனக்கு மனப்பாடம்.

"அதெல்லாம் வராது தவுக்கே."

"ஏன்?"

"ஆளு வந்தாத்தான் காசு வரும்."

தவுக்கே பையை மெதுவாகக் கீழே வைத்தார். 

அவிழாத முடிச்சுகளில் இருந்த அந்தக் காசுகளை நான் தேடிப் போனதில்லை. பழைய காசு என்றால் மெர்சிங் வரைக்கும் பஸ் ஏறிப்போய் மீன்காரர் டின்னைக் கிளறியவன் நான், அந்த லயங்களுக்கு மட்டும் போகவில்லை. இப்போது அங்கே லயமும் இல்லை, எண்ணெய் எடுக்கிற செம்பனை நிற்கிறது. ஆனாலும் அந்த வழியாகக் கார் போனால் என் கை இடுப்பில் இல்லாத பையைத் தடவும்.

சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு காசையும் குனிந்து பார்த்துவிட்டு, காப்பி நிறத்துக்கு ஒரு விலை சொல்வார்கள். ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். பளபளப்பதை விட்டுவிடுவார்கள். ஜோடியைப் பிரிக்கமாட்டேன் என்பேன். "இதே அச்சில் மூன்றாவது ஒன்று கிடைக்குமா ஐயா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்பேன். அவர்கள் கண் விரியும். எங்கே, யாரிடம் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்கள்.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள் என்பேன்.